வலது ஏழு காலியா?

ஆணிக்குப் பொந்து என்றால் பயம். அறைக் கதவைச் சாத்தினாலே அவனுக்கு மூச்சு முட்டும். ஆள் ஒல்லிப்பிச்சான் என்பதால் அந்தப் பெயர். ஒல்லி என்பதாலேயே தொட்டி வேலை வந்தால் மேஸ்திரி அதை அவன் தலையில் கட்டிவிடுவார். "உனக்கு வாய்ச்சது உடம்பாய்யா, வரம்! எந்த ஓட்டையிலயும் நுழைஞ்சிடுவே" என்பார். அவருடைய தொப்பை கப்பல் கதவு ஒவ்வொன்றிலும் ஒரு தரம் நின்று யோசித்துத்தான் உள்ளே வரும்.

தொட்டி என்றால் தண்ணீர்த் தொட்டி இல்லை. போர்க்கப்பலின் அடிவயிற்றில் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கிற இரும்பு அறைகள். இடது ஒன்று, இடது இரண்டு, வலது ஒன்று, வலது இரண்டு என்று நம்பர் போட்டிருக்கும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத் தொட்டியில் கடலைத் திறந்துவிட்டு நிமிர்த்துவார்கள். சாயாத நாளெல்லாம் அது சும்மா கிடந்து துரு ஏறும். கப்பல் பழுதுபார்க்கும் துறைக்கு வந்ததும் யாராவது ஒரு ஒல்லி உள்ளே நுழைந்து, சுத்தியலால் தட்டித் தட்டி அந்தத் துருவை உதிர்க்க வேண்டும். நுழைகிற வாய் முறத்தளவு இருக்கும். அதற்கப்புறம் குறுக்குச் சுவர்கள், அதில் தோள் நுழையும் அளவுக்கு ஓட்டைகள், அதற்கப்புறம் இருட்டு.

ஆணியின் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி, அதே துறையில்தான் வேலை பார்த்தான். அவனுக்கு மூட்டை என்று பெயர். பருமன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆணிக்குத் தம்பி மாதிரி ஒல்லிதான். போட்ட இடத்தில் கிடப்பான், அதனால் மூட்டை. சாப்பாட்டைவிட அவனுக்குத் தூக்கம் பெரிது. தொட்டி அவனுக்குச் சொர்க்கம். குளிர்ச்சி, இருட்டு, மேஸ்திரியால் நுழைய முடியாத வாசல், வேறென்ன வேண்டும்? ஒரே ஒரு தொல்லை. வெளியே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் மூட்டை ஒரு வழி கண்டான். தூங்கிக்கொண்டே தட்டப் பழகிவிட்டான். டொக், டொக், டொக், கொஞ்சம் நிறுத்தம். மறுபடி டொக், டொக், டொக். வீட்டில் தூங்கும்போதும் சுவரைத் தட்டுவான். பக்கத்து வீட்டுக்காரர் "யாரது?" என்று கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

இப்படியாக, உள்ளே போகப் பயந்த ஒருத்தனுக்கும் உள்ளே போக ஆசைப்பட்ட ஒருத்தனுக்கும் தோதான ஒரு ஏற்பாடு அமைந்தது. தொட்டி வேலைக்கு ஆணியின் நம்பரை எழுதினால் மூட்டை போவான். மூட்டையின் வேலைக்கு ஆணி போவான். ஆளுக்கு ஆள் பித்தளைப் பில்லையை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

அந்தத் துறையில் எல்லாமே பில்லைதான். ஆணி 214, மூட்டை 331. தொட்டிக்குள் போகிறவன் வாசலில் இருக்கும் பலகையில், அந்தத் தொட்டியின் கொக்கியில் தன் பில்லையை மாட்ட வேண்டும். வெளியே வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். கொக்கியில் பில்லை தொங்கினால் ஆள் உள்ளே. கொக்கி வெறுமையாக இருந்தால் தொட்டி காலி, தாராளமாகத் தண்ணீர் விடலாம். பலகைக்கு ஒரு காவல் இருந்தார், பில்லைக்காரர். முகத்தைப் பார்க்கவே மாட்டார். "முகம் மாறும்யா. இன்னைக்குத் தாடி வப்பான், நாளைக்கு மழிப்பான். நம்பர் மாறாது" என்பார். அதனால்தான் மாமனும் மச்சினனும் அவர் மூக்குக்கு முன்னாலேயே நம்பரை மாற்றிக்கொண்டு திரிந்தார்கள்.

ஆணியின் பெண்டாட்டிக்கு மட்டும் இது தெரியாது. தினமும் காலையில் வாசலில் நின்று, "என் தம்பியக் கொஞ்சம் பாத்துக்குங்க. அது நின்னுக்கிட்டே தூங்கிடும்" என்பாள்.

"நான்தான் இருக்கேனே" என்பான் ஆணி. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டான்.

அன்றைக்குப் பத்து மணிக்கு யாரோ ஒரு பெரிய மனிதர் கப்பலைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் வரும்போது விமானங்கள் வரிசையாகப் பறந்து வணக்கம் வைக்கும் என்று உத்தரவு. எஞ்சினைப் பிரித்துக் கரையில் பாய் விரித்துப் பரப்பி வைத்திருந்தார்கள். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பெயிண்ட் அடித்தார்களா என்பதுதான் கவலை. பீரங்கி, படிக்கட்டு, கைப்பிடி எல்லாவற்றிலும் அட்டை தொங்கியது: ஈரம், தொடாதே.

மூட்டை 214-ஐ வலது ஏழு கொக்கியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனான். ஆணி 331-ஐ முன் தளத்துப் பில்லைப் பலகையில் மாட்டிவிட்டு, கப்பலின் மூக்கில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பலகையில் உட்கார்ந்து சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தான். நல்ல காற்று. தலைக்கு மேல் ஆகாயம். பொந்து இல்லாத வேலை.

எட்டு மணி சுமாருக்கு விமானங்கள் வந்தன.

மேலே தளத்தில் ஒரு அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "பத்து மணிக்குச் சொன்னா எட்டு மணிக்கே வந்து நிக்கிறானுங்க! ஒழுங்குன்னா என்னன்னே தெரியாதா இவனுங்களுக்கு?"

இருந்தாலும் மாலுமிகள் அவசரமாக வரிசையில் நின்று சல்யூட் அடித்தார்கள். முதல் விமானம் தாழப் பறந்து, சுருட்டு மாதிரி நீளமாக ஒன்றைத் தண்ணீரில் போட்டது.

"ஐயா, என்னமோ விழுந்துடுச்சு" என்றான் ஒருத்தன்.

"பூவா இருக்கும்."

"பூ நேரா நம்மளப் பாத்து நீந்தி வருதுங்க."

அந்தப் பூ கப்பலின் இடது விலாவில் வந்து மோதியது. கப்பல் ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது. சல்யூட் அடித்த கைகள் அப்படியே இருக்க, ஆட்கள் மட்டும் உருண்டார்கள். பீரங்கியை நோக்கி நாலு பேர் ஓடினார்கள். ஓடியவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு நின்றார்கள். அதில் ஒருத்தன் திரும்பி, "ஐயா, ஈரமா இருக்கு, தொடலாங்களா?" என்று கேட்டான். "எழுதிக் கேளுடா!" என்று கத்திய அதிகாரி, அடுத்த குண்டு கரையில் விழுந்ததும், "தொடுடா! தொட்டுத் தொலை!" என்றார்.

ஆணி கயிற்றைப் பிடித்து எப்படி மேலே ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. முன் தளத்தைத் தாண்டி இருபது அடி ஓடியிருப்பான். பின்னால் உலகமே ஒரு தரம் தும்மியது. திரும்பிப் பார்த்தால் முன் தளத்தைக் காணோம். அவன் உட்கார்ந்திருந்த பலகை, பெயிண்ட் வாளி, 331 தொங்கிய பலகை எதுவுமே இல்லை. புகைதான் இருந்தது. துறைமுகம் முழுக்கப் புகை. பக்கத்துக் கப்பலில் இருந்து வந்த கூச்சல் சட்டென்று நின்றுபோனது. அது நின்றதுதான் ஆணிக்குக் கூச்சலைவிடப் பயமாக இருந்தது.

கப்பல் இடது பக்கம் சாயத் தொடங்கியது.

இடது பக்கம் சாய்ந்தால் வலது தொட்டிகளைத் திறப்பார்கள். ஆணிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வலது ஏழில் மூட்டை. தன் பில்லையை மாட்டிவிட்டு, தன் வேலையைச் செய்ய, தனக்குப் பதிலாகத் தூங்கிக்கொண்டிருக்கிற மூட்டை.

மூன்று தளம் கீழே ஓடினான். படிக்கட்டு பாதிச் சுவராக மாறியிருந்தது. கீழே நடைவழியில் பில்லைக்காரர் இருந்தார். தன் முக்காலி சரிந்துவிடாமல் துண்டால் அதைக் குழாயில் கட்டிப்போட்டுவிட்டு, அதன்மேல் சாய்ந்தவாக்கில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பலகையில் ஐந்தாம் தொட்டி காலி, ஆறு காலி, எட்டு காலி. ஏழில் மட்டும் ஒரு பில்லை ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயா, தண்ணி விட்டுடாதீங்க! ஏழுல ஆள் இருக்கு!"

"தெரியுது. உன் நம்பர் என்ன?"

இத்தனை வருஷப் பழக்கம். நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆணியின் வாய் அதைத்தான் சொல்லும். "இருநூத்திப் பதினாலு!"

"அப்ப நீ வெளிய வந்துட்டே" என்று பில்லைக்காரர் கொக்கியில் இருந்து பில்லையை எடுத்து நீட்டினார்.

இதுவும் பழக்கம்தான். பில்லையை நீட்டினால் கை வாங்கிக்கொள்ளும். ஆணியின் கை வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகுதான் கொக்கியைப் பார்த்தான். வெறுங்கொக்கி.

"வலது ஏழு காலி!" என்று பில்லைக்காரர் சுவரில் இருந்த பேச்சுக்குழாயில் கத்தினார்.

"ஐயய்யோ, காலி இல்லீங்க! உள்ள இருக்கிறது என் மச்சினன்!"

"அவன் நம்பர்?"

"முன்னூத்தி முப்பத்தொண்ணு."

பில்லைக்காரர் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். தலைக்கு மேல் எதுவோ வெடித்து, புத்தகத்தில் துரு கொட்டியது. ஊதிவிட்டுப் படித்தார். "முன்னூத்தி முப்பத்தொண்ணு முன் தளத்துல பெயிண்ட் அடிச்சிட்டு இருக்கான். இங்க எப்படி இருப்பான்?"

"முன் தளமே இல்லீங்களே!"

"அது வேற இலாகா."

இதற்குள் ஒருத்தர் சரிந்துகொண்டே வந்து சேர்ந்தார். கப்பலில் ஓட்டை விழுந்தால் அடைப்பதும், சாய்ந்தால் நிமிர்த்துவதும் அவர் பொறுப்பு. தொழிலாளர்கள் அவருக்கு ஓட்டை ஐயா என்று பெயர் வைத்திருந்தார்கள். நெற்றியில் ரத்தம். வலது தொட்டிகள் அத்தனைக்கும் தண்ணீர் திறக்கிற ஒரே சக்கரம் பலகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வந்த வேகத்தில் அதை ஒரு கால் சுற்று திருப்பியும் விட்டார். சுவருக்குப் பின்னால் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது.

ஆணி அவர் காலைக் கட்டிக்கொண்டான். "ஐயா, உள்ள ஆள் இருக்குங்க!"

"யாரு?"

மச்சினன் என்று சொன்னால் 331, முன் தளம், வேறு இலாகா. ஆணிக்கு வேறு வழி தெரியவில்லை. "நான்தாங்க!"

ஓட்டை ஐயா குனிந்து அவனைப் பார்த்தார். "நீ இங்க இருக்கியேய்யா."

"இங்கயும் இருக்கேங்க. ஆனா கணக்குப்படி உள்ளதாங்க இருக்கேன். இருநூத்திப் பதினாலுன்னா நான்தான், ஆனா உள்ள இருக்கிறது நான் இல்ல. வெளிய நிக்கிறவன்தான் இங்க இல்லாதவன். கேட்டுப் பாருங்க, தட்டுறது கேக்கும்!"

மூவரும் காதைச் சாய்த்தார்கள். டொக், டொக், டொக். நிறுத்தம்.

"சாயுற கப்பல்ல ஆயிரம் சத்தம் வரும் ஐயா" என்றார் பில்லைக்காரர்.

ஓட்டை ஐயா கெட்டவர் இல்லை. சக்கரத்தைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டே சொன்னார். "இந்தாப்பா, மேல நானூறு பேர் இருக்காங்க. இன்னும் கொஞ்சம் சாஞ்சா கப்பல் தலைகீழா போயிடும். உள்ள ஆள் இருக்குன்னு பலகை சொன்னா நிறுத்துறேன். பலகை காலின்னு சொல்லுது. உன் பேச்சக் கேட்டு நானூறு பேரக் கவுக்கச் சொல்றியா?"

ஆணி எட்டிப் பில்லையைக் கொக்கியில் மாட்டினான். பில்லைக்காரர் உடனே கழற்றி நீட்டினார். "உள்ள போகாம மாட்டக் கூடாது. சட்டம்."

"அப்ப போனா?"

"போனா மாட்டலாம். மாட்டினதுக்கு அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் தண்ணி விட முடியாது."

ஆணி அந்த வாயைப் பார்த்தான். முறத்தளவு இருட்டு. அதில் இருந்து குளிர்ந்த துரு வாடை வந்தது. "மாப்ளே!" என்று கூப்பிட்டுப் பார்த்தான். அவன் குரல் குறுக்குச் சுவர்களில் மோதித் திரும்பி அவனிடமே வந்தது. மூட்டை கடைசி அறையில்தான் படுப்பான். காலையில் வாசலில் நிற்கிற பெண்டாட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. இந்தத் தடவை அவன் அந்த முகத்தை நேராகப் பார்த்துவிட்டான். அதுதான் வினையாகப் போயிற்று. பில்லையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, தலையை உள்ளே விட்டான்.

முதல் ஓட்டையில் தோள் சிக்கியது. இரண்டாவதில் மூச்சு நின்றுவிட்டது போல இருந்தது. நின்ற மூச்சை வைத்துக்கொண்டே மூன்றாவதில் நுழைந்தான். தண்ணீர் முழங்கால் வரை வந்திருந்தது, பனிக்கட்டி மாதிரி. முட்டி இரும்பில் உரசித் தோல் போயிற்று. தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையை எல்லாம் வரிசையாகச் சொன்னான். அவை தீர்ந்ததும் முதலில் இருந்து ஆரம்பித்தான். எத்தனை ஓட்டை என்று தெரியாது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனான். டொக், டொக், டொக்.

கடைசி அறையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. கப்பல் சாய்ந்ததில் மூட்டை உருண்டு, சுவர்ப்பக்கம் ஒண்டிக் கிடந்தான். தண்ணீர் அவன் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. கை மட்டும் கடமை தவறாமல் தட்டிக்கொண்டிருந்தது.

ஆணி ஓங்கி ஒன்று வைத்தான்.

மூட்டை கண்ணைத் திறந்தான். "என்ன மாமா, டீ வந்துடுச்சா?"

"எமன் வந்துட்டான்டா! எந்திரி!"

"நான் ஏன் சுவத்துல படுத்திருக்கேன்?"

"கப்பல் கவுறுதுடா தடியா! மேல குண்டு போடுறான்!"

"அதான் சத்தமா? நான் பக்கத்துத் தொட்டிக்காரன் தட்டுறான்னு நினைச்சேன். எவன்டா இவன், இவ்வளவு உண்மையா உழைக்கிறான்னு பார்த்தேன்" என்றான் மூட்டை. பிறகு அவனுக்கு முழுசாக விழிப்பு வந்தது. தண்ணீரைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். "மாமா, நீங்களா உள்ள வந்தீங்க?"

"பேசாத. நட."

வெளியே ஓட்டை ஐயா சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பில்லைக்காரர் அதன்மேல் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டிருந்தார். திறந்த கால் சுற்றையும் அவரே திருப்பி மூடியிருந்தார்.

"எந்திரிய்யா! நான் உத்தரவு போடுறேன்!"

"பில்லை தொங்குது ஐயா."

"கப்பல் போயிடும்!"

"போகட்டும் ஐயா. பில்லை தொங்குது."

"நீயும் செத்துப்போவே!"

"செத்தாலும் பில்லை தொங்கும் ஐயா. அப்புறம் வர்ற ஆளுக்குத் தெரியணும்ல."

இப்படி இவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கையில்தான் அடியில் இருந்து ஒரு நீண்ட முனகல் கேட்டது. கிழவன் நாற்காலியில் உட்காருகிற மாதிரி கப்பல் மெதுவாக இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்றுவிட்டது. அந்தத் துறையில் சேற்றை வாரச் சொல்லி வருஷக்கணக்கில் மனு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் வாரவில்லை. அந்தச் சேற்றில் கப்பல் உட்கார்ந்துவிட்டது. கவிழ்வதற்கு ஆழம் பத்தவில்லை. நானூறு பேரும் மூச்சு விட்டார்கள். விமானங்கள் போய்விட்டன.

முறத்தளவு வாயில் இருந்து முதலில் ஆணி வெளியே வந்தான். முட்டியில் ரத்தம் வழிந்தது. அப்படியே தரையில் மல்லாந்து, காற்றைக் குடிப்பது மாதிரி வாயைத் திறந்து கிடந்தான். பில்லைக்காரர் சக்கரத்தை விட்டு இறங்கி, சட்டையை உதறி, 214-ஐக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். "வலது ஏழு காலி."

அப்போது மூட்டை வெளியே வந்தான்.

பில்லைக்காரர் கொக்கியைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். வேலைக்கு வந்த நாளில் இருந்து முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்த்தார். "உள்ள போனது ஒண்ணு. வெளிய வந்தது ரெண்டு. இது எப்படி?"

"நான் முன்னூத்தி முப்பத்தொண்ணுங்க" என்றான் மூட்டை.

"அந்த நம்பர் முன் தளத்தோட போயிடுச்சு. இல்லாத நம்பர நீ எப்படிச் சொல்றே? உன்ன எதுல எழுதுறது?" அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "வேணும்னா திரும்ப உள்ள போறியா?"

"போகட்டுங்களா?" என்றான் மூட்டை, கொஞ்சம் ஆசையோடுதான்.

"போனே, காலை ஒடிச்சிடுவேன்" என்றான் ஆணி, படுத்தபடியே.

ஓட்டை ஐயா நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பை நிறுத்த அவரால் முடியவில்லை. பில்லைக்காரர் சிரிக்கவில்லை. கடைசியில் அவர்தான் வழியும் கண்டுபிடித்தார். கப்பலுக்குள் கேட்பாரற்றுக் கிடக்கும் தொப்பி, குடை, சாவி எல்லாவற்றையும் எழுதுகிற புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை எடுத்தார்.

"கிடைத்த இடம்: வலது ஏழு. கிடைத்த பொருள்: ஆள், ஒன்று. எந்த நிலையில் இருந்தது?"

"தூக்கத்துல" என்றான் ஆணி.

"பொருள் உன்னுதுதான்னு என்ன அடையாளம்?"

"தட்டும்."

"உனக்கு என்ன உரிமை?"

ஆணி எழுந்து உட்கார்ந்தான். "என் பொண்டாட்டியோட தம்பிங்க. எனக்குப் பதிலா உள்ள போனான்."

பில்லைக்காரர் முன்பாதியை எழுதினார். பின்பாதி அவர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். ஆணி பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டான். எழுத்து நண்டு நடந்த மாதிரி இருந்தது. பில்லைக்காரர் வாசலில் காட்ட ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

துறை வாசலில் காவல்காரன் 214-ஐப் பார்த்து ஆணியை விட்டான். மூட்டையின் சீட்டைப் படித்துவிட்டுக் குறுக்கே நின்றான்.

"பொருள்னு எழுதியிருக்கு. பொருள் தானா நடந்து போகக் கூடாது. எடுத்துட்டுப் போ."

சண்டை போட ஆணிக்குத் தெம்பில்லை. முட்டி இரண்டும் எரிந்தன. குனிந்து முதுகைக் காட்டினான். மூட்டை ஏறிக்கொண்டான்.

தெருவில் ஜனங்கள் துறைமுகத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். இவன் எதிர்ப்பக்கமாக, சுமையோடு, ஓரமாக நடந்தான். அவர்கள் குடியிருந்த தெரு முனை வந்ததும், "எறங்குடா மாப்ளே, உங்க அக்கா பாத்தா பயந்துடுவா" என்றான். தோளில் தலை சாய்ந்திருந்தது.

எழுப்பலாமா என்று யோசித்தான். முதுகில் விரல் ஒன்று மெதுவாகத் தட்டியது. மூன்று தரம். கொஞ்சம் நிறுத்தம். மறுபடி மூன்று தரம்.

வாசலில் அவள் நிற்பது தெரிந்தது. ஆணி இறக்காமலே நடந்தான்.